தொண்ணூற்றேழு சென்டிமீட்டர் மாமரம்

1

இந்தக் கதை இரண்டு இடங்களில் முளைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒன்று, ஓர் அட்டவணை. யாரும் நடாமல் தானாகவே மீண்டும் வளர்ந்த காடு எந்த நாட்டில் எவ்வளவு என்று ஆண்டுவாரியாகப் போட்டிருந்தார்கள். சிங்கப்பூரின் வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். சின்ன எண்கள், வலப்பக்கம் போகப்போக இன்னும் கொஞ்சம் சிறுத்தன.

இன்னொன்று, சிராங்கூன் சாலையில் ஒரு கோயில். மரத்தில் தான் கட்டிய மஞ்சள் கயிற்றை ஒரு பெண் அவிழ்த்துக்கொண்டிருந்தார். வேண்டியது நடந்துவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும் என்பது வழக்கம். அவர் முகத்தில் நன்றி இருந்தது. ஆனால் விரல்கள் மிக மெதுவாக வேலை செய்தன.

அந்த மெதுவான விரல்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஒரு காலத்தில் இந்தத் தீவு முழுவதும் காடாக..."

வேண்டாம். காட்டை வெட்டி மிளகு போட்டார்கள், ரப்பர் போட்டார்கள், கைவிட்ட இடங்களில் காடு திரும்பி வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் பாடப்புத்தகம் போலிருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "செம்பவாங்கில், கப்பல் பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பை இடித்துவிட்டு எல்லாரும் மறந்துபோன ஒரு வேலிக்குப் பின்னால், மரங்கள் யாரையும் கேட்காமல்..."

இது பரவாயில்லை. இதற்குள் பூவம்மாவை நடக்கவிடுகிறேன். அறுபத்திரண்டு வயது, பள்ளி உணவகத்தில் வேலை. வேலியோரம் ஒரு மாமரம். அதில் நான்கு ஆண்டுகளாக, வெள்ளிக்கிழமை தவறாமல், ஒவ்வொரு மஞ்சள் கயிறாகக் கட்டிவந்தவர்.

(வேண்டுதல் என்னவென்றால்: மகள் யாமினிக்கு வீடு. அரசு அடுக்குமாடி வீடுகளுக்கான ஒவ்வொரு குலுக்கலிலும் விண்ணப்பித்து, ஒவ்வொரு முறையும் வரிசை எண் கிடைக்காமல், மாப்பிள்ளையும் அவளும் அவரவர் பெற்றோர் வீட்டில் தனித்தனியாக இருக்கிறார்கள்.)

சென்ற வாரம் எண் கிடைத்துவிட்டது. வீடு எங்கே என்று கேட்கிறீர்களா? இதே வேலிக்குப் பின்னால்தான். காட்டை எடுத்துவிட்டுக் கட்டப்போகும் அடுக்குமாடியில், பதினான்காவது மாடி.

3

பூவம்மா கயிறுகளை அவிழ்க்க வந்த காலையில் அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். பெயர் வெங்கட். மன்னார்குடிப் பக்கம். மரக் கணக்கெடுப்புக் குழுவில் வேலை, கையில் அளவுநாடா.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க. மரத்தை அளக்கணும்."

"அளந்து சட்டையா தைக்கப் போறீங்க?"

"சுத்தளவு ஒரு மீட்டர் இருந்தா நம்பர் அடிப்போம். நம்பர் அடிச்ச மரத்தை விட்டுவைக்கலாமான்னு பார்ப்பாங்க."

"இல்லாட்டி?"

வெங்கட் படிவத்தைப் புரட்டினார். "இது யாரு நட்டதுக்கா? இதுல கேட்டிருக்கு."

"யாரு நட்டா? எங்க வீட்டுக்காரரு அந்த பஸ் ஸ்டாப்புல நின்னு மாம்பழம் தின்னுட்டு, கொட்டையை வேலிக்கு அந்தப் பக்கம் வீசுவாரு. ஃபைன் அடிக்கப் போறான், பாருங்கன்னு நான் கத்துவேன். அவரு போய் ஒம்பது வருஷமாச்சு. ஃபைன் மட்டும் வரவே இல்ல."

"அப்ப தானா முளைச்சதுன்னு போட்டுடறேன் அக்கா. 'வீசினது'ன்னு இதுல கட்டம் இல்ல."

இருவரும் சிரித்தார்கள். பிறகு வெங்கட் நாடாவைச் சுற்றினார். விதிப்படி மார்பளவு உயரத்தில் அளக்க வேண்டும். பூவம்மா கயிறு கட்டியதும் அதே உயரத்தில்தான். கயிற்றின் மேல் சுற்றினால் நூறு சென்டிமீட்டர். ஒரு விரல் தள்ளி வெறும் பட்டையில் சுற்றினால் தொண்ணூற்றேழு.

"அக்கா," குரல் தாழ்ந்தது. "இன்னிக்கு மட்டும் அவிழ்க்காதீங்களேன்."

"வேண்டினது கிடைச்சிருச்சு தம்பி. அவிழ்க்காம விட்டா சாமிகிட்ட நான் என்னன்னு சொல்றது?" அவர் பட்டையில் உள்ளங்கையை வைத்தார். "அவரு போட்டோகூட வீட்டுல ஒண்ணுதான் இருக்கு. இது மட்டும்தான் இன்னும் வளந்துக்கிட்டிருக்கு."

4

இங்கே மூன்று நாட்கள் நின்றுவிட்டேன்.

முதல் முடிவு: வெங்கட் "நூறு" என்று எழுதுகிறார். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஒரு நல்ல மனிதரைப் பொய் சொல்ல வைத்துவிட்டு நான் நிம்மதியாகக் கோயிலுக்குப் போக முடியாது.

இரண்டாம் முடிவு: பூவம்மா அவிழ்க்கிறார், வெங்கட் "தொண்ணூற்றேழு" என்று எழுதுகிறார், யாமினி குடியேறுகிறாள், பதினான்காவது மாடியின் சன்னலிலிருந்து அம்மா கீழே பார்க்கும்போது அங்கே

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.

(காட்டின் பக்கம் நின்று நியாயம் பேச எனக்குத் தகுதியில்லை. என் வீடும் இப்படியொரு காட்டின் மேல்தான் நிற்கிறது. சாவி கிடைத்த நாளில் மகிழ்ந்தேன், பால் காய்ச்சினேன். அங்கே என்ன மரங்கள் இருந்தன என்று யாரிடமும் கேட்கவில்லை.)

5

மரங்களுக்கிடையிலிருந்து குழுத் தலைவி ஹலீமாவின் குரல் கேட்கிறது.

"வெங்கட்! வேலியோர மரம் என்னாச்சு? ரீடிங் சொல்லுங்க லா!"

வெங்கட் பூவம்மாவைப் பார்க்கிறார். பூவம்மாவின் விரல் முதல் முடிச்சில் இருக்கிறது.

"இந்த மரத்தைக் கடைசியா அளக்கிறேன், மேடம்!" என்று கத்துகிறார் வெங்கட். பொய் இல்லை. எதை எப்போது அளப்பது என்பது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. அதை அவர் பூவம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு தன் மடக்கு நாற்காலியை விரித்து மரத்தடியில் போட்டார். "உக்காருங்க அக்கா. முன்னூறு மரம் பாக்கி. மெதுவாத்தான் அளப்பேன்."

பூவம்மா உட்கார்ந்தார்.

எனக்குத் தெரிந்தவரை, இந்த மழையில் ஒரு மாமரம் மூன்று சென்டிமீட்டர் பருக்க ஒன்றிரண்டு வருடம் போதும். முன்னூறு மரங்களை அளக்க அவ்வளவு நாள் ஆகாது. ஆனால் ஒரு கதை அவ்வளவு நாள் காத்திருக்கலாம்.

ஆகவே இதை இங்கேயே விடுகிறேன். கீழே ஆறாம் எண்ணைப் போட்டு வைத்திருக்கிறேன். முடிவு உங்களுக்குத் தோன்றினால் உங்களிடமே இருக்கட்டும், இப்போதைக்கு எழுதாதீர்கள். அந்த இடத்தில் யாரும் எதையும் நட வேண்டாம்.

6