ஜப்பானுக்குக் கேட்டது

"இந்த பிளக்க புடுங்கிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே ஃப்ரீசர் பெட்டிக்காரர் கம்ப்யூட்டர் வயரில் கை வைத்துவிட்டார்.

"அத்த தொடாத!"

தெய்வநாயகி போட்ட சத்தத்தில் ஹாலே திரும்பிப் பார்த்தது. புருஷன் செத்ததற்கு அழாதவள் பிளக்குக்குக் கத்துகிறாளே என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

மகன் இனியன் சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து வந்து பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தான். லிஃப்டுக்குள் நுழையாமல் நாலு மாடி படியில் தூக்கி வந்த பெட்டி. அதற்குள் சம்பத் வெள்ளை வேட்டியில் படுத்திருந்தார். தலைமாட்டில் கம்ப்யூட்டர் திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் 1944, பர்மா எல்லை, ஒரு மரப்பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் சம்பத்தின் சிப்பாய்கள் முப்பது பேர் துப்பாக்கியைத் தூக்கியபடி நின்றிருந்தார்கள். அவர் ஆடிக்கொண்டிருந்த போர் விளையாட்டு பாதியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

சம்பத் கல்பாக்கத்தில் முப்பத்தோரு வருஷம் டெக்னீஷியன். ரிடையர் ஆனதும் கோயில் குளம் என்று போவார் என்று தெய்வநாயகி நினைத்திருந்தாள். அவர் பர்மாவுக்குப் போனார். காலை எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சண்டைதான். ஆளுக்கொரு முறை காய் நகர்த்தும் ஆட்டம் இல்லை அது. இங்கே யோசித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே எதிராளியின் டேங்க் வந்து நிற்கும். அதனால் ஓயாத கத்தல். எதிராளி கடப்பாக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர். அவர் எப்போதும் ஜப்பான் படையையே எடுப்பதால் இந்த வீட்டில் அவர் பெயர் ஜப்பான். ஜப்பான் கூப்பிடுகிறான், ஜப்பானுக்கு இன்றைக்கு ஜுரமாம் என்று நாலு வருஷம் ஓடிவிட்டது. நேரில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதே இல்லை.

டேங்க் வெடித்தால் சம்பத் "செத்தேன்!" என்று அலறுவார். முதல் மாதம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அப்புறம் பழகிவிட்டது. மனிதர் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது செத்தார்.

இன்று காலை ஒன்பதேகாலுக்கும் "செத்தேன்!" என்றார். அவள் அப்போதுதான் தோசையைத் தட்டில் போட்டு, சாப்பாட்டு மேசையில் மூடி வைத்துவிட்டு, ஈரத்துணி வாளியோடு பால்கனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செத்து முடிச்சிட்டு வாய்யா, தோசை ஆறிகினு கீது."

பத்து நிமிஷம் கழித்து உள்ளே வந்தபோது மேசைக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவே விழுந்து கிடந்தார்.

"நெஞ்சு வலிக்குதுன்னு எதுனா சொன்னாராம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார்."

வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னாள். அந்தச் செத்தேன் எந்தச் செத்தேன்? டேங்குக்கா, நெஞ்சுக்கா? நெஞ்சுக்கு என்றால், கடைசியாகக் கூப்பிட்ட மனிதனுக்கு அவள் சொன்ன பதில் என்ன? அது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். ஹெட்போனுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜப்பானுக்கு.

மூன்று மணிக்கு அவர் வந்தார். சம்பத் ஆட்டத்துக்குத் திரும்பாததால் போன் அடித்துப் பார்த்திருக்கிறார், இனியன் எடுத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் மாலை, சட்டையெல்லாம் பஸ் புழுதி.

"யாருப்பா நீ?" என்றார் சம்பத்தின் அண்ணன் ஜானகிராமன்.

"முனீருங்க. கடப்பாக்கம்." கொஞ்சம் தயங்கினார். "ஜப்பான்."

ஜானகிராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெய்வநாயகி எழுந்து நின்றாள்.

முனீர் மாலையைப் பெட்டி மேல் வைத்தார். பிறகு திரையைப் பார்த்தார். "இன்னும் ஆஃப் பண்லியா அண்ணி? நானும் பண்ல. கடையில அப்டியே கீது."

பக்கத்தில் இருந்தவர்கள் பாடை கட்டுவதைப் பார்க்கக் கீழே இறங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"காலைல நீங்க லைன்ல இருந்தீங்கதானே?"

"இருந்தேன் அண்ணி."

"அவர் கத்துனாரே. அப்போ நான் ஒண்ணு சொன்னேன்..."

முனீர் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "எனக்கு ஒண்ணுமே கேக்கல அண்ணி. மைக்க ஆஃப்ல வெச்சிருந்தாரு. நீங்க மனச போட்டு பேஜார் பண்ணிக்காதீங்க."

அவள் கேட்க வந்தது அதுவல்ல. மைக் ஆஃபில் இருந்தால் அவர் எதற்குக் கத்தினார் என்பதும் இவருக்குத் தெரியாது. இன்னும் ஏதாவது கேட்டுப் பார்க்கலாம் என்று வாயெடுப்பதற்குள் ஜானகிராமன், "நேரமாச்சு, எல்லாம் வாங்க" என்று வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

ஐந்து மணிக்குத் தூக்கினார்கள். சுடுகாட்டுக்கு ஆண்கள் மட்டும் போவது வழக்கம், முனீரும் அவர்களோடு கிளம்பினார். செருப்பு மாட்டும்போது வழக்கம்போல "வரேன்" என்று வாய் வரை வந்துவிட்டது. சாவு வீட்டில் சொல்லக்கூடாதே என்று விழுங்கிக்கொண்டு, இனியன் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அம்மா காலைலேர்ந்து பட்டினிப்பா. அந்த தோசையும் ஆறிப்போயிருக்கும். சூடா குடிக்க எதுனா குடுக்க சொல்லு."

தெய்வநாயகிக்கு அது காதில் விழுந்தது.

தோசையைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மைக் ஆனில்தான் இருந்திருக்கிறது. எல்லாம் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுக் கேட்கவில்லை என்கிறார் என்றால், சொல்ல முடியாததைக் கேட்டிருக்கிறார். அப்போது அது நெஞ்சுக்குத்தான். வெறும் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கீழே சங்கு ஊதிக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்தது. எதிர் வீட்டு ஜாக்குலின் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வீடு கழுவ ஆரம்பித்தாள். சமையலறைக்குப் போனவள், மூடிய தட்டு ஒன்றோடு வெளியே வந்தாள்.

"அக்கா, இத கொட்டிடவா? காலைல டேபிள் மேல இருந்துச்சு. கூட்டமா இருக்கேன்னு மூடுனது மூடுனபடி ஃப்ரிட்ஜ் மேல தூக்கி வெச்சேன்."

"குடு இங்க."

மடியில் வைத்து மூடியைத் திறந்தாள்.

இரண்டு தோசை. மேலே இருந்ததில் ஓரம் முழுசாக இருந்தது, நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கிள்ளி எடுத்திருந்தது. முப்பத்தைந்து வருஷமாக அவள் திட்டியும் மாறாத பழக்கம் அது. யாராவது தோசையை நடுவில் கிள்ளுவார்களா? சட்னியில் மூன்று விரல் வழித்த தடம், காய்ந்து போயிருந்தது. அந்தச் செத்தேனுக்கு அப்புறம் எழுந்து வந்து, கை கழுவாமலே ஒரு வாய் தின்றிருக்கிறார். மூடியையும் ஞாபகமாகத் திருப்பி மூடியிருக்கிறார், மீதியைக் கை கழுவி வந்து சாப்பிடுகிறவர் போல.

"அக்கா? தலைக்கு ஊத்திக்க வரலியா?"

"ஒரு நிமிஷம் இரு."

முழுகாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது. தெய்வநாயகி அவர் விட்ட இடத்தில், நடுவிலேயே, ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆறித்தான் போயிருந்தது.