பக்கம் 214

1
இந்தக் கதை ஒரு பொட்டலமாக என் மேசைக்கு வந்தது. மினசோட்டாவின் வடக்கே ஒரு சிறு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். இங்கே இல்லாத நூல்களை மற்ற ஊர் நூலகங்களிலிருந்து வரவழைத்துக் கொடுப்பேன். வருவதைப் படிப்பதில்லை. கேட்டவர் பெயரை ஒட்டி வைப்பதோடு சரி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஏரியில் பனி உடையத் தொடங்கிய காலையில் பிரிட்டா—’

வேண்டாம். அன்று அவள் ஏரியைப் பார்க்கவே இல்லை.

2
பிரிட்டா ஓகர்லண்ட் கடைசி ஆண்டு மாணவி. அவளுடைய ஆய்வு லூன் என்னும் ஏரிப் பறவைகளைப் பற்றியது. லூன் ஜோடி சாகும்வரை பிரியாது என்பதன்மேல்தான் முழு ஆய்வும் நின்றது. அதற்கு ஆதாரம் தேடினாள். ஒரு நூல் இன்னொரு நூலைக் காட்டியது, அது வேறொன்றை. எல்லாம் ஒரே இடத்தில் போய் நின்றன: ஒரு பறவைச் சங்கத்தின் பழைய ஆண்டு மலர், பக்கம் 214.

“அதான் இத்தனை பேர் படிச்சிருக்காங்களே. நீ வேற எதுக்கு வரவழைக்கிற?” என்றேன்.

“படிக்காததை அடிக்குறிப்புல போட்டா எனக்குத் தூக்கம் வராது.”

“உன் வயசுல எனக்குத் தூக்கம் வராததுக்கு வேற காரணம் இருந்துச்சு.”

“அந்தக் கதையை நான் வரவழைக்கலையே” என்றாள்.

3
மலர் வந்தது. நின்றபடியே பிரித்தாள். பிறகு பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.

(இங்கே அவள் மனதில் ஓடியதை ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்?)

“214ல சங்கத்து விருந்து அறிவிப்புதான் இருக்கு. வான்கோழி உண்டாம்.”

“அப்போ லூன்?”

“241ல. யாரோ எண்ணை மாத்திப் போட்டுட்டாங்க. மத்தவங்க பாக்காமலே எடுத்துப் போட்டிருக்காங்க.” அடுத்ததை மெதுவாகப் படித்தாள். “‘சாகும்வரை பிரியாது என்று மீன் பிடிப்பவர்கள் சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை.’ அவ்வளவுதான்.”

“214ன்னு முதல்ல போட்டது யாரு?”

“ஹால்டர்சன்.”

ஹால்டர்சன் அவளுடைய வழிகாட்டி. மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தர வேண்டியவரும் அவரே. அந்த வாரம்தான் எழுதுவதாகச் சொல்லியிருந்தார்.

4
ஹால்டர்சனை முதலில் கடுகடுப்பானவராக எழுதினேன். அது பொய். தேர்வு வாரத்தில் ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்ட கேக் செய்து வந்து என் மேசையில் வைப்பவர் அவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுதுவது சுலபம், பிரிட்டாவுக்கும் முடிவெடுப்பது சுலபம்.

ஒரு முடிவு: அவள் அடிக்குறிப்பை எடுத்துவிட்டு, ‘என்று பரவலாக நம்பப்படுகிறது’ என்று எழுதிவிடுகிறாள். யாருக்கும் தெரியாது. (அவளுக்குத் தூக்கம்?)

இன்னொன்று: எல்லாவற்றையும் எழுதுகிறாள். கடிதம் வருவதில்லை. அவள் தலைநிமிர்ந்து பனியில் நடந்து—

இல்லை. தலைநிமிர்ந்து நடப்பவர்களை நான் பனியில் பார்த்ததில்லை. வழுக்கும்.

5
எனக்குத் தெரிந்தது இவ்வளவே. அவள் மலரை எடுத்துக்கொண்டு ஹால்டர்சனின் அறைக்குப் போனாள். திரும்பி வந்து அதை என் மேசையில் வைத்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“ரெண்டு தடவை படிச்சாங்க. ஜன்னலையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம், ‘இதை எப்படி எழுதப்போற?’ன்னு கேட்டாங்க.”

“கோவமாவா?”

“அதான் எனக்கும் தெரியல.”

6
அவளுடைய ஆய்வேடு இப்போது எங்கள் அலமாரியில் இருக்கிறது. முடிவு அதன் ஓர் அடிக்குறிப்பில் இருக்கிறது. நான் படித்துவிட்டேன். இங்கே எழுதினால் நீங்கள் என்னை நம்பி அடுத்தவரிடம் சொல்வீர்கள், அவர் இன்னொருவரிடம்.

உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். பக்க எண்ணை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.