கூடுதலாக ஒரு ரெசிஸ்டர்

லேசரை மின்சுற்றாக வரைவதுதான் என் வேலை. இதைச் சொன்னால் அக்கம்பக்கத்தார் உடனே பழுதான இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தாளும் கணக்கும்தான்.

லேசருக்குள் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வெளிச்சம் முட்டி முட்டித் திரும்புகிறது. என் தாளில் அது ஒரு சுருளும் ஒரு கெப்பாசிட்டரும். வெளிச்சத்தை வளர்க்கிற பகுதிக்கு, மின்சாரத்தைத் தின்பதற்குப் பதில் திருப்பித் தருகிற ஒரு தலைகீழ் ரெசிஸ்டர். வெளிச்சம் கசிகிற ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சாதா ரெசிஸ்டர். அதை வரையும்போது கூடவே ஓர் இரைச்சலையும், அதாவது ஒழுங்கில்லாத ஒரு நடுக்கத்தையும், வரைந்தாக வேண்டும். வெளிச்சம் எந்த வழியாக வெளியே போகிறதோ, அந்த வழியாகத்தான் குவாண்டம் இரைச்சல் உள்ளே வருகிறது. வெளியே கும்மிருட்டாக இருந்தாலும் வரும். போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றுதான். இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

நான் கணக்குப் போடுவது மேல்மாடியில். கீழ்த்தளத்தில் நிஜ லேசரைப் பார்த்துக்கொள்வது என் தங்கை. சின்ன வயதிலிருந்தே அவள் கண்ணை இரண்டிரண்டாகச் சிமிட்டுவாள். டக்டக், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டக்டக். அதனால் வீட்டில் அவளுக்குச் சிமிட்டி என்றே பெயர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அவள், அவளுக்கு நான்.

புது லேசர் வந்ததிலிருந்து தலைவலி. கீழே அளந்த இரைச்சல், என் கணக்கைவிட ஒரு படி கூடவே இருந்தது.

"உங்க சர்க்யூட்லதாம்மா ஏதோ ஓட்டை," என்றார் துறைத்தலைவர், டீயை உறிஞ்சிக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. ஓட்டையாம்! அறைக்குத் திரும்பி, வீம்புக்காகவே சுற்றில் கூடுதலாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தேன். எதற்கு என்று தெரியாமல்தான் சேர்த்தேன். கணக்கு கனகச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் நடுநடுவே ஒரு நொடிகூட இல்லாத நேரத்துக்கு இரைச்சல் சட்டென்று தணிந்தது, யாரோ அந்த ரெசிஸ்டரைக் கழற்றி மாட்டுவதுபோல. அதற்கு ஒரு சுவிட்சும் வரைந்தேன். இப்போது எல்லாமே பொருந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழிருந்து வரும் இரைச்சலின் கோடு திரையில் ஓட ஓட, அது தணியும்போதெல்லாம் விரலால் மேசையில் தாளம் போட்டேன்.

டக்டக். இடைவெளி. டக்டக்.

விரல் அப்படியே நின்றது.

லேசரின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத ரகம். அளவெடுக்க வைத்த சின்னக் கண்ணாடித் துண்டு கோணலாக நின்று, அவள் நாற்காலிப் பக்கம் ஒரு கீற்றைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அது அவள் கண்ணுக்குள் போய், அடியில் பட்டு, ஒரு துளி திரும்பி லேசருக்குள்ளேயே வருகிறது. நான் பெருமையாக வரைந்த ரெசிஸ்டர் என் தங்கையின் கண். சுவிட்ச் அவள் இமை.

போனை எடுத்தேன்.

"சிமிட்டி, காகிள்ஸ் போட்டிருக்கியா?"

"அதப் போட்டா ஸ்கிரீனே தெரிய மாட்டேங்குதுக்கா. குட்டி லேசர்தானே."

"கண்ண மூடு! மொதல்ல கண்ண மூடுடி!"

"சரி, மூடிட்டேன். எதுக்கு இப்படிக் கத்துற?"

திரையைப் பார்த்தேன். டக்டக். இடைவெளி. டக்டக்.

"வெளையாடாத. மூடுன்னா மூடு."

"ஐயோ அக்கா, போன ஸ்பீக்கர்ல போட்டுட்டு ரெண்டு கையாலயும் பொத்திட்டு உக்காந்திருக்கேன்."

டக்டக்.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. சொன்னபடியே கண்ணைப் பொத்திக்கொண்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அவளை இழுத்து வெளியே விட்டுவிட்டு, கண்ணாடித் துண்டுக்கும் காலி நாற்காலிக்கும் நடுவே கறுப்பு அட்டையை வைத்தேன். அப்போதும் திரையில் கோடு டக்டக் என்று தணிந்து எழுந்தது.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "ஒரு கொறையும் இல்ல. இவ்ளோ அசையாம யாருமே கண்ணக் காட்டுனதில்ல," என்றார். வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் பதிலுக்குப் பதில் பேசவில்லை. அதுவே எனக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும்.

சாப்பிடும்போதுதான் கவனித்தேன். எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இமைத்தேன். அவளும் இமைத்தாள், ஒரே ஒரு முறை. நான் வேண்டுமென்றே இமைக்காமல் இருந்து பார்த்தேன். அவளும் இமைக்கவில்லை. என் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் லேசர் அறைக்குத் தனியாகப் போனேன். பெட்டியின் மூடிமேல் கை வைத்து, பைத்தியக்காரிபோல, "சிமிட்டி," என்று கூப்பிட்டேன். திரையில் கோடு சற்று அடங்கியது. பிறகு டக்டக் டக்டக் டக்டக் என்று இடைவெளியே இல்லாமல் துடித்தது. சின்ன வயதில் அழுகையை அடக்கும்போது அவள் அப்படித்தான் சிமிட்டுவாள். தரையில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

அவள் உள்ளே இருக்கிறாள். வீட்டில் இருப்பது அவள் உடம்புதான், அவளில்லை. லேசர் ஓடும்வரை இருப்பாள். போன வழியாகவே வரவும் முடியும் என்று என் சுற்று சொல்கிறது. அவள் கண் மட்டும் அதே நாற்காலியில், அதே கீற்றுக்கு எதிரே இருக்க வேண்டும். ஆனால் துறைத்தலைவர், விபத்து நடக்கப் பார்த்த கருவி என்று சொல்லி, நாளைக் காலையில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எதிரே போய் நின்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன்.

"இப்ப என்கூட லேபுக்கு வர்றியா? ஒரே ஒரு தடவ அந்த நாற்காலில உக்காந்தா போதும்."

அவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். நான் இமைத்தேன். இந்த முறை அவள் இமைக்கவில்லை.

"கண்ணு கெட்டுப் போயிடும்னு நீதானேக்கா சொன்ன?" என்றாள்.