அத்தானின் சளியும் உப்புத் தண்ணீரும்

அத்தானுக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தீராத சளி. வீட்டில் ஒருவரும் அதை மதித்ததில்லை. கொழுந்தியாள் சளியை ஆராயும் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் அதற்கு யோகம் அடித்தது. தினமும் காலையில் ஒரு குப்பி நிறையச் சிந்திக் கொடுப்பார். குப்பியில் 'நபர் 7' என்று சீட்டு ஒட்டியிருக்கும். தன்னாலும் ஒரு உபயோகம் உண்டு என்று மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மணிக்குச் சோதனையைப் பார்க்கப் பெரிய அதிகாரி வருகிறார் என்று அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு அவரும் கூடத்துக்குப் போனார். கொழுந்தியாள் அவருடைய சளியைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஒரு இரும்புக் குண்டைப் போட்டாள். வழக்கமாக அது ஆடி அசைந்து இறங்கும். அன்றைக்கு 'ணங்' என்று விழுந்தது.

"அத்தான், மூக்கை என்ன பண்ணீங்க?"

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலம்மா. உங்கக்காதான் ரெண்டு நாளா உப்புத்தண்ணி விட்டுக் கழுவுறா. குறட்டை தாங்கலையாம்."

"போச்சு போங்க! சளிக்குள்ள சர்க்கரை ஒட்டின புரதச் சங்கிலி இருக்கு. ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு விறைப்பா நிக்கும், அதான் கெட்டி. உப்பு வந்தா சண்டையை விட்டுட்டுச் சுருண்டு படுத்துக்கும். எல்லாம் தண்ணியா ஓடிடும்."

தன் சளிக்குள் இவ்வளவு ரோஷமா என்று அத்தானுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் சளியை மெல்லிய பையில் கட்டி, சுத்தமான தண்ணீரில் தொங்கவிட்டாள். உப்பு வெளியேறும், சங்கிலி மறுபடி விறைத்துக்கொள்ளும். அத்தான் சாப்பிடக்கூடப் போகாமல் ஆறு தடவை தண்ணீர் மாற்றினார்.

மூன்று மணிக்குக் குண்டு பாதிக் குழாயிலேயே நின்றுவிட்டது.

"அபாரம்!" என்றார் அதிகாரி. "நீங்கதானா சார் இந்த ஏழாம் நபர்? இன்னும் ஒரு வருஷத்துக்கு உங்க சளிதான் எங்களுக்கு வேணும்." கை கொடுக்க வந்தவர், யோசித்துக் கும்பிட்டுக்கொண்டார்.

அத்தான் சந்தோஷத்தில் மூச்சை இழுத்தார். காற்று இரண்டு மூக்குத் துளையிலும் ஜிலுஜிலுவென்று ஏறியது. பதறிப்போய்க் கைக்குட்டையில் சிந்திப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. ஐயோ, அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் மனைவி குளியலறைக் கதவைத் தட்டினாள். "ஏங்க, மூணாவது வாட்டியா தலைக்கு ஊத்துறீங்க? வெளிய வாங்க!"

"தும்மல் வராம வரமாட்டேன்," என்றார் அத்தான், பல் கிடுகிடுக்க. "நீ முதல்ல அந்த உப்பு டப்பாவை ஒளிச்சு வை!"