நாற்பத்துமூன்று தாம்பூலப் பைகள்

அந்த நாட்டில் செத்தவர்களைப் பற்றிய செய்தியை எங்கள் ஊரில் யார் முதலில் கேட்கிறார்களோ, அவர்கள் வீட்டுக்குத்தான் தீட்டு. ஒருவர் செத்தால் தலைக்குக் குளித்தால் போதும். ஐந்து பேர் வரை மூன்று நாள். அதற்கு மேல் எத்தனை பேரானாலும் பதினாறு நாள். இதில் வழக்குப் பேச இடமே கிடையாது. செய்தி விழுந்த வீட்டு வாசலில் கோலம் தானாக அழிந்துவிடும். தெருவில் போகிறவர்கள் பார்த்தாலே தெரியும்.

அந்த நாட்டில் போர் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. முடிந்தது என்று அறிவித்த வெளிநாட்டுப் பட்டாளம் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி போட்டார்கள். நில் என்றால் நிற்க வேண்டும், கையைத் தூக்கு என்றால் தூக்க வேண்டும். நிற்காதவர்களைப் பற்றியும், சரியாக நிற்காதவர்களைப் பற்றியும் காலை ஆறு நாற்பது செய்தியில் சொல்வார்கள். கடைசியில் நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று முடிப்பார்கள்.

ஆரம்பத்தில் ஊர் படாத பாடு பட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் கோலம் இல்லாததைப் பார்த்துப் பலகாரத்தைத் தொடாமல் திரும்பிப் போனார்கள். சடங்கு வீடுகளில் பந்தலைப் பிரித்தார்கள். அப்போதுதான் என் அண்ணன் குற்றாலிங்கம், "எனக்கென்ன பொண்டாட்டியா, பிள்ளையா? நான் கேட்டுக்கிடுதேன்" என்றார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டிலேயே தனியாக இருக்கிறார்.

அன்றிலிருந்து தினமும் ஆறு நாற்பதுக்கு அண்ணன் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொள்வார். அந்தப் பதினைந்து நிமிடமும் ஊரில் ஒரு ரேடியோ, ஒரு டி.வி. பாடாது. ஆறு ஐம்பத்தைந்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஊரே கேட்டது. அடப் பாவமே என்று உச்சுக்கொட்டியது. டீக்கடையில் அந்தப் பட்டாளத்தைக் கிழிகிழி என்று கிழிக்காத ஆள் கிடையாது. அண்ணன் வாசலில் மட்டும் நான்கு வருடமாகக் கோலம் நிற்கவில்லை. கோயிலுக்குப் போகவில்லை, ஒரு நல்லது பொல்லாததில் கலந்துகொள்ளவில்லை. நான் காபித் தம்ளரைச் சுவருக்கு மேலே நீட்டுவேன், அவர் வாங்கிக்கொள்வார். அது எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் என் வாசலில் கோலம் இருந்தது, வீட்டில் கல்யாண வயசில் மகள் இருந்தாள்.

மகள் ஆவுடைக்கு ஆவணியில் முகூர்த்தம் வைத்தோம். அவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

"எம்மா, மாமா மாலை எடுத்துக் குடுக்காம நான் மணையில உக்கார மாட்டேன்."

"அவருக்குத் தீட்டு, தெரியாதா உனக்கு?"

"ஊருக்காவத்தான தீட்டு? ஊரு பதினாறு நாள் பொறுக்கட்டும்."

தாய்மாமன் இருக்கும்போதே வேறு யாரோ மாலை எடுத்துக் கொடுத்தால் நாலு பேர் நாக்கு சும்மா இருக்குமா? என் வீட்டுக்காரர் போய் ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார். நன்றி மறக்காத ஊர்தான் எங்களுடையது. பதினாறு நாள் யாரும் எந்தச் செய்தியும் கேட்பதில்லை என்று முடிவாயிற்று. கேபிள்காரர் செய்திச் சேனல்களை நிறுத்தினார். பேப்பர் கட்டு கட்டாகவே கிடந்தது. பஜ்ஜியைக்கூட வாழையிலையில் மடித்துக் கொடுத்தார்கள். மதுரை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று சைகையில் சொல்ல ஊர் எல்லையில் ஆள் நின்றது.

டிரான்சிஸ்டரை நானே வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பதினாறாம் நாள் அண்ணன் தலைக்குக் குளித்தார். நான்கு வருடம் கழித்து அவர் வாசலில் கோலம் போட்டேன். நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் அதற்குள், மூன்றாம் நாளே பீரோவின் நடுத்தட்டு வளைந்தது. ஏழாம் நாள் பீரோவின் கால்கள் சிமெண்டுத் தரையில் ஒரு விரல் அளவுக்கு இறங்கிவிட்டன. டிரான்சிஸ்டரை எடுத்து வெளியே வைக்கலாம் என்று பார்த்தால் என்னாலும் என் வீட்டுக்காரராலும் சேர்ந்து தூக்க முடியவில்லை. சுவர் வழியாக அண்ணனிடம் சொன்னேன்.

"கனக்கத்தான செய்யும்" என்றார். "யாரும் கேக்கலைல்லா."

"கேக்கலைன்னா என்ன?"

"கேக்குற வரைக்கும் அவியளுக்குச் சாவு முடியாதுட்டி. நின்ன எடத்துலேயே நிப்பாவ. ஒரு மட்டம் எனக்குக் காய்ச்சல். ரெண்டு நாள் கழிச்சுத்தான் கேட்டேன். அந்த ரெண்டு நாளும் ஒருத்தன் நடுரோட்டுல கையத் தூக்கிக்கிட்டே நின்னிருக்கான்."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கொடியில் துணி போடும்போது கை வலிக்கும், கீழே இறக்குவேன், உடனே அவர்கள் ஞாபகம் வரும். அந்தப் பட்டாளத்துக்காரர்கள் நன்றாகத் தூங்கி எழ வேண்டும், வேளைக்குச் சாப்பாடு கிடைக்க வேண்டும், யார் மேலும் கோபப்படக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். ஊரான் பட்டாளத்துக்கு நான் நேர்ந்துகொண்டது எனக்கே கேவலமாக இருந்தது. இன்னும் ஒன்பது நாள்தானே, நிற்கட்டும் என்று நினைத்தேன். அதையும் நான்தான் நினைத்தேன்.

கல்யாணத்தன்று அண்ணன் கரைவேட்டி கட்டி, ஈரத் தலையோடு மண்டபத்துக்கு வந்தார். ஆறு நாற்பதுக்கு அவர் கை தானாகக் காதுக்குப் போயிற்று. நான் அதில் சந்தனத்தைப் பூசிவிட்டேன்.

முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது அவர்கள் வந்தார்கள். மண்டபத்து வாசலில் வரிசையாக, நாற்பத்துமூன்று பேர், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி. வரவேற்பில் நின்ற பெண்கள் பன்னீர் தெளித்தார்கள். சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். கையைக் கீழே இறக்க முடியாததால் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வந்தவர்களை உள்ளே போங்கள், பந்தியில் உட்காருங்கள் என்று சொல்வதுதான் முறை. கையைத் தூக்கிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் அங்கே பேச்சாக இருந்தது.

மணமேடையிலிருந்து அண்ணன் அவர்களைப் பார்த்துவிட்டார். கையில் மாலை இருந்தது. அவர் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். மாலையைக் கொடுத்த கையோடு நேரே வாசலுக்கு வந்து காதைக் கொடுப்பார். தாலி ஏறுவதற்குள் ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தால் மண்டபம் முழுவதும் தீட்டு. என் மகள் கல்யாணம் அதோடு நின்றுபோகும். நான் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுக் கேட்கத்தான் ஓடினேன்.

வரிசையில் முதலில் ஒரு பெண். என் வயசுதான் இருக்கும். வலது கையில் வீட்டுச் சாவி. இரண்டு கையும் தோளிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தன. பதினாறு நாள். கேட்க நினைத்ததை என்னால் கேட்க முடியவில்லை.

உள்ளே "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார்கள். தவிலும் நாகஸ்வரமும் மண்டபத்தைத் தூக்கின. அபசகுனமாக ஒரு சொல் யார் காதிலும் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளம்? அது கேட்டால் தாலி ஏறுகிறது என்று அர்த்தம். தாலி ஏறினால் ஆவுடை வேறு வீட்டுப் பெண், என் தீட்டு அவளைத் தொடாது. நான் மணமேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணின் வாயருகே காதை வைத்தேன்.

அவள் பெயரைச் சொன்னாள். தங்கைக்கு மருந்து வாங்கப் போனாளாம். சிப்பாய் நில் என்று சொன்னது அவளுக்கு வா என்று சொன்னது போல இருந்ததாம். வீட்டைப் பூட்டினாள், அடுப்பை அணைத்தாளா என்றுதான் நினைவில்லையாம். சொல்லி முடித்ததும் கையை இறக்கினாள். தோளைத் தேய்த்துக்கொண்டாள். சந்தனத்தைத் தொட்டு, கல்கண்டு இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பந்திக்குப் போனாள்.

அடுத்தது ஒரு பெரியவர். அதற்கு அடுத்தது அப்பனும் மகனும். நான் தவில்காரரைப் பார்த்து நிறுத்த வேண்டாம் என்று கை காட்டினேன். அவர் நிறுத்தவில்லை. நடுவில் ஒருமுறை கண்ணாலேயே இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார். வேர்வை அவர் மூக்கு நுனியில் சொட்டியது. நாற்பத்துமூன்று பேரையும் நான் ஒருத்திதான் கேட்டேன். வேறு யார் காதிலும் ஒரு சொல் விழவில்லை.

என் மகள் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. அண்ணன் மாலை எடுத்துக் கொடுத்ததையும் பார்க்கவில்லை. பிறகு போட்டோவில் பார்த்தேன். அதில் அண்ணன் சிரித்துக்கொண்டிருக்கிறார், கண் மட்டும் வாசலில் இருக்கிறது. வயிறு எரியத்தான் செய்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நாற்பத்துமூன்று பேரும் வடை பாயசத்தோடு சாப்பிட்டார்கள். கை இறங்கியதில் அவர்களுக்கு நல்ல பசி. சாப்பிட்டு முடித்ததும், இனி வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தார்கள். வெறுங்கையோடு அனுப்புவது நம் வழக்கமா? ஆளுக்கொரு மஞ்சள் தாம்பூலப் பை கொடுத்தேன். உள்ளே ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு. தேங்காயை நல்ல குண்டாக, குடுமியோடு நானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தேன். அந்தச் சாவிக்காரப் பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வீட்டுக்கு வந்தபோது என் வாசலில் கோலம் இல்லை. அண்ணன் வாசலில் இருந்தது.

மறுநாள் காலை அண்ணன் காபித் தம்ளரைச் சுவருக்கு மேலே நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். பதினாறு நாள் எனக்கு எப்படியும் தீட்டுதான், இனி நானே கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்து பீரோவைத் திறந்தேன். டிரான்சிஸ்டர் ஒரு கையில் வந்தது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். ஆறு நாற்பது ஆயிற்று.

அன்று செய்தியில் யாரும் சாகவில்லை. வெளியூர் விருந்து ஒன்றுக்குச் சென்று திரும்பிய நாற்பத்துமூன்று பேர் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று அறிவிப்பாளர் படித்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி மஞ்சள் பை. ஒவ்வொன்றிலும் உருண்டையான, கனமான, நார் சுற்றிய, உச்சியில் திரி போன்ற ஒன்றை உடைய பொருள். குலுக்கினால் உள்ளே ஏதோ தளும்புகிறது. அது என்னவென்று படையினருக்குத் தெரியவில்லை. பைக்காரர்கள் ஏற்கெனவே இறந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று அதிகாரிகள் ஆலோசித்து வருகிறார்கள். அதுவரை அனைவரும் கைகளைத் தூக்கி நிற்கும்படி உத்தரவிடப்பட்டிருக்கிறது. நிலைமை கட்டுக்குள் இருக்கிறது.

நான் டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு, சுவருக்கு மேலே கையை ஆட்டி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தேங்காய்னு சொல்ல ஒரு ஆளு போவணும்" என்றேன்.

அவர் மணியைப் பார்த்தார். "ஏழு இருவதுக்கு ஒரு வண்டி இருக்கு. நீ முன்னால லேடீஸ் சீட்டுல உக்காந்துக்கோ, நான் பின்னால ஏறிக்கிடுதேன். தீட்டு ஒட்டாது. சில்லறையா எடுத்துக்கோ."

கல்யாண வீட்டில் மிஞ்சியதில் நல்லதாக ஒரு தேங்காயை எடுத்துப் பையில் போட்டேன். அரிவாளையும் எடுத்தேன். சாவடியில் விடமாட்டார்கள் என்று திரும்ப வைத்துவிட்டேன். உடைத்துக் காட்ட அந்த ஊரில் கல்லுக்கா பஞ்சம்.