நூற்றுப்பத்து

அண்ணனின் மோதிர விரலை அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தும் விரலில் சூடு ஏறவில்லை. சர்க்கரை பார்க்க ஒரு சொட்டு ரத்தம் பிதுக்க இந்தப் பாடு.

"டாக்டரே இனிமே பார்க்க வேண்டாம்னுட்டாரு. விட்டுடேம்மா," என்றாள் அண்ணி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி நாலு நாள் ஆகியிருந்தது. அவளும் அண்ணியும் மாறி மாறி விழித்து, இப்போது பேசுவதற்கே அலுப்பாக இருந்தது.

விடுவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. பதினோரு வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தில் எலி வாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதுதான் பிழைப்பு. மூளையில் சுரக்கும் ஒரு பொடிப் புரதத் துணுக்கு, அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள், இவை சேர்ந்து கல்லீரலுக்குச் சேதி அனுப்பித்தான் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரையை விடுவது என்பது முடிவாகிறது. அந்த ஏற்பிகளைத் தட்டி எழுப்ப மருந்து தேடினார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணனுக்கு இது ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. "பட்டனை அமுக்கறான், மேல மோட்டாருக்குத் தகவல் போகல. அவ்வளவுதானே? வயரைப் பாரு எலி!" அன்றிலிருந்து அவள் பெயர் எலி. போனை எடுத்தால் முதல் கேள்வி, "மருந்து எப்ப வரும்?" அவளும் சளைக்காமல் "அடுத்த வருஷம்ணே" என்பாள். மருந்தோ எலிகளைத் தாண்டி வரவேயில்லை.

அண்ணன் கண் திறந்தான். மத்தியான வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது.

"எலி... வந்துடுச்சா?"

அடுத்த வருஷம் என்று சொல்ல இனி அடுத்த வருஷம் ஏது?

"வந்துடுச்சுண்ணே. காலையில போட்ட ஊசி அதுதான்."

காலையில் போட்டது வலிக்கான ஊசி.

"எவ்வளவு காட்டுது? மழுப்பாம சொல்லு."

மீட்டர் நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது. ஆராய்ச்சிக்கூடத்தில் பேராசிரியர் முகம் கறுத்தபோதுகூட ஓர் எண்ணை மாற்றி எழுதாதவள் அவள். அந்தப் பிடிவாதத்தால் பதவி உயர்வு இரண்டு தடவை கைநழுவிப் போயிருந்தது.

"நூத்திப்பத்து," என்றாள்.

சொன்ன பிறகுதான், தன் தோளுக்குப் பின்னால் அண்ணி நின்று மீட்டரைப் பார்ப்பது தெரிந்தது. பதினைந்து வருஷம் புருஷன் வாயைக் கட்டிக் காத்தவள். சட்டைப்பையில் ஒரு மிட்டாய்க் காகிதம் கிடைத்தால் வீட்டை ரெண்டாக்கியவள். என்ன சொல்லப்போகிறாளோ என்று இவள் மீட்டரைக் கவிழ்த்து வைத்தாள்.

"பார்த்தியா?" என்றான் அண்ணன் மனைவியிடம். "என் தங்கச்சி சாதிச்சுட்டா. இப்பவாவது சர்க்கரை போட்டு ஒரு காப்பி குடு."

அண்ணி அடுக்களைக்குப் போனாள். டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கரண்டி சுற்றும் சத்தம், நெடுநேரம்.

மூன்று கரண்டி காப்பி உள்ளே இறங்கியது. நாலாவது கடைவாயில் வழிந்தது.

"சர்க்கரை பத்தல," என்றான்.

"இதோ," என்று அண்ணி டம்ளரோடு ஓடினாள். இன்னும் ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கியபடியே அவள் திரும்பியபோது, இவள் அண்ணனின் கண்களை மூடிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றாள்.

அண்ணி கலக்குவதை உடனே நிறுத்தவில்லை.

ஐந்து மணிக்குத் தெருக்கோடி டாக்டர் வந்தார். நாடி பார்த்தார், நேரம் கேட்டார், சான்றிதழ் எழுத உட்கார்ந்தார்.

"கடைசியா சுகர் எவ்வளவு இருந்துச்சு?"

இவள் வாயைத் திறந்தாள். சரியான எண் நாக்கு நுனியில் இருந்தது.

"நூத்திப்பத்து சார்," என்றாள் அண்ணி.

டாக்டர் எழுதிக்கொண்டார். "பரவாயில்லையே, நல்லாத்தான் பார்த்துக்கிட்டிருக்கீங்க."

"அவர் தங்கச்சி குடுத்த மருந்துங்க," என்று சொல்லிவிட்டு அண்ணி கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவன் கால்மாட்டில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. நகர்ந்துகொண்டு, இவளைப் பார்த்து அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.