சூனியக்காரிக்கு மூன்றாம் பரிசு

டெல்மா எழுதிய கனமான நாவல்களை அவள் தங்கைகூட முழுசாகப் படித்ததில்லை. கோழி திருடும் சூனியக்காரி ஒருத்தியைப் பற்றி எரிச்சலில் எழுதித் தள்ளிய குழந்தைப் புத்தகம்தான் டாஸ்மேனியா முழுக்க விற்றுத் தீர்ந்தது. அதனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் புத்தக வாரம் வந்தால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடம் அவளை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போகும்.

இந்த வருஷம் உள்ளூர்ப் பள்ளி. கிளம்புகிற நேரம் பார்த்துக் கோழி ஒன்று கூண்டிலிருந்து தப்பி ஓட, அதைத் துரத்திப் பிடித்து அடைத்துவிட்டு, சேற்று பூட்ஸும் தலையில் வைக்கோலுமாகப் போய் நின்றாள். மைதானத்தில் பிள்ளைகள், டீச்சர்கள், பெற்றோர் எல்லோரும் புத்தகங்களில் வரும் கதாபாத்திரங்களாக வேஷம் கட்டியிருந்தார்கள். புதிதாக வந்த தலைமையாசிரியர் ஹாலரன் ஓடி வந்தார்.

"சீக்கிரம் வாங்கம்மா, ஊர்வலம் கிளம்பிடுச்சு! சூனியக்காரிங்கல்லாம் அந்தப் பக்கம்."

"சார், நான் வந்து..."

"அப்புறம் பேசலாம், நடங்க! பின்னாடி கங்காரு காத்துக்கிட்டு நிக்குது பாருங்க!"

மூச்சு வாங்கியதில் மறுத்துப் பேச முடியாமல் டெல்மா நடந்தாள். ஊர்வலம் முடிந்ததும், வேஷத்துக்கான முதல் பரிசு ஆறு வயதுச் சூனியக்காரி ஒருத்திக்குப் போனது. டெல்மாவுக்கு மூன்றாவது.

"நான் எதுல குறைஞ்சு போயிட்டேன்?" என்று சீறினாள்.

"நடை, முறைப்பு, வைக்கோல் எல்லாம் பிரமாதம்மா," என்றார் ஹாலரன். "அந்த ஒட்டு மூக்குதான் கொஞ்சம் ஓவர். நம்பற மாதிரி இல்ல."

டெல்மா வாயைத் திறப்பதற்குள் பரிசைக் கையில் திணித்தார். அவளுடைய புத்தகமேதான்.

"கொஞ்சம் இருங்க," என்றார் கடிகாரத்தைப் பார்த்து. "எழுதினவங்க இப்ப வந்துடுவாங்க, கையெழுத்து வாங்கிட்டுப் போகலாம்."